இடப்பக்கம் நூல், வலப்பக்கம் மெழுகு

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். என் புருவம் மட்டும் நலமில்லை. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. ஆறு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "என்னைப் பார்த்ததும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றும் எழுதியிருக்கிறாய். திறக்க மாட்டேன். ஆனால் அக்கா, கோபித்துக்கொள்ளாதே, இந்தச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஐந்து வாரம் கழித்து வா. போனில் சொல்லலாம்தான், உன் குரலைக் கேட்டால் "உடனே கிளம்பி வா" என்றுதான் எனக்கு வாயில் வரும். அதனால் எழுதுகிறேன். "வராதே என்கிறான்" என்று பாதியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு ஆறு வருடம் பேசாமல் இருந்துவிடாதே. கடைசி வரை படி.

உன் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, "எங்கக்கா புருவத்த வெட்டுனா ரெண்டு பேருக்கு மீசை வைக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். கை கழுவப் போன நீ திரும்பி வரவில்லை. நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் கடிதம் வந்த அன்று சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றால், தலையில் இருக்க வேண்டியதெல்லாம் இந்த அறுபத்து நான்கு வயதில் புருவத்துக்கு இறங்கி வந்து, மூக்குக்கு மேலே உன்னுடையதைப் போலவே கைகோத்துக்கொண்டு நிற்கிறது. இந்த முகத்தோடு உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் உனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைதான் ஞாபகம் வரும். சனிக்கிழமைக்குள் இதை ஒழுங்கு செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதை வீட்டில் சொன்னது முதல் தப்பு.

"த்ரெட்டிங் பண்ணிக்குங்க. நூலால அழகா எடுப்பாங்க, கோடு போட்ட மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

"அப்பாவோட காட்டுக்கு நூல் அறுந்துரும்மா" என்றாள் மகள். "வேக்ஸிங் போங்கப்பா. மெழுகத் தடவி, துணிய ஒட்டி, ஒரே இழு. முடிஞ்சுது."

"உங்கப்பா தோலு அதெல்லாம் தாங்காதுடி."

"நூல் மட்டும் வலிக்காதாக்கும்! ஊசி போடுறதுக்கே கண்ண மூடிக்கிற ஆளு."

இரண்டு நாள் இதே பேச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். உட்கார்ந்தால் நூல் என்று தோன்றும், எழுந்தால் மெழுகு என்று தோன்றும். ஹாலுக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் என் பழைய தொழில் எனக்குக் கை கொடுத்தது. முப்பத்தொரு வருடம் பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்த்தவன் நான். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், ஒரே பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். பலகைதான் முகத்திலேயே இருக்கிறதே என்று நேற்று நோட்டும் பேனாவுமாக அழகு நிலையத்துக்குப் போனேன்.

"இடப்பக்கம் நூல், வலப்பக்கம் மெழுகு" என்றேன். அந்த அழகு நிலையத்து அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், ரெண்டு புருவமும் உங்களோடதுதானே?"

"ஆமாம்மா. சாம்பிள் பார்க்கிறேன்."

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் இரண்டு விரலால் புருவத்தோலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். முதல் இழுப்பிலேயே கண்ணில் தண்ணீர், மூக்கில் தும்மல், விரல் எங்கே போயிற்றென்று தெரியாது. தோல் சுருங்கியதில் வரக் கூடாத முடியும் வரிசையாக வந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது, பேனாவால் வளைத்துப் போட்ட மாதிரி ஒரு மெல்லிய கோடு. அதுவும் நெற்றிக்கு நடுவே ஏறி நிற்கிறது.

அடுத்து மெழுகு. "முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடுறீங்களா சார்? போட்டா மெழுகு வேணாம், தோலு உரிஞ்சுரும்" என்று கேட்டார். இல்லை என்றேன். அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அது பொய். மனைவியின் சுருக்க க்ரீமை மூன்று மாதமாகத் திருட்டுத்தனமாகத் தடவி வருகிறேன். அதை ஒரு வேற்று மனுஷியிடம் எப்படிச் சொல்வது? வெதுவெதுப்பாகத் தடவினார், துணியை ஒட்டினார். இழுக்கும் நேரத்தில் நான் நோட்டில் குறிப்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். துணியோடு புருவத்தின் வால் பாதி போயிற்று, கொஞ்சம் தோலும் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தச் சிவப்பைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து க்ரீம் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான்தான் மாசத்துக்கு ரெண்டு டப்பா தீர்க்கிறேன்னு என்னையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு இதுவரை பேசவில்லை.

இதெல்லாம் போகட்டும். இடது புருவம் மேலே ஏறி நிற்க, வலது புருவம் பாதியில் நின்றுவிட்டதால், நான் எதைச் சொன்னாலும் நக்கலாகத் தெரிகிறது. இன்று காலை லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர், தான் பதவி உயர்வு பெற்றதாகச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். "ஏன் சார், நம்பலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்னிடம் சொல்ல வைத்திருந்ததைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். "அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு, மன்னிச்சிரு." கண்ணாடியில் இருந்தவன் கேலி செய்தான். எனக்கே அவனை அறையலாம் போலிருந்தது. ஆறு வருடம் கழித்து வருகிறவள் அந்த முகத்தைப் பார்த்து மறுபடியும் திரும்பிப் போய்விட்டால் நான் தாங்க மாட்டேன். முளைக்க ஐந்து வாரம் ஆகுமாம். அதுவரை பொறுத்துக்கொள். நீ வேண்டும் என்பதால்தான் வராதே என்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல், இருக்கிற புருவத்தோடு நெடுநாள் வாழட்டும்.

என்றும் உன் பாசமுள்ள,
தம்பி

பி.கு.: இதை உறையில் போடப் போகும்போது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் பெட்டியோடு நீ. "சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கல்லடா குண்டூசி" என்று சின்ன வயதில் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன். புருவம் இரண்டும் அடர்ந்து, நடுவில் கைகோத்துக்கொண்டு, ஆங்காங்கே வெள்ளையோடு நின்றது. "நீ சொன்ன நாள்லேர்ந்து ஆறு வருஷம் மாசாமாசம் நூலுக்குப் போய் அழுதேன். மூணு மாசமாத்தான் விட்டுட்டேன். இந்த வயசுல உனக்கும் இப்படித்தான் அடர்ந்திருக்கும், தம்பி மாதிரியே போய் நிப்போம்னு வந்தா, நீ இப்படி நிக்கிறியே!" என்று செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்து சிரித்தாய். நான் மன்னிப்புக் கேட்டேன். என் முகம் என்ன செய்ததோ தெரியாது, நீ அழுதாய். பிறகு மேசையில் இருந்ததைப் பார்த்து, "எனக்குத்தானே எழுதுற? முடிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு, என் பாதிப் புருவத்தை வரைய மகளின் புருவப் பென்சிலோடு இப்போது பக்கத்தில் நிற்கிறாய். மேலே "ஐந்து வாரம் கழித்து வா" என்று இருக்கும் இடத்தை "ஐந்து வாரம் இருந்துவிட்டுப் போ" என்று திருத்திப் படிக்கவும்.