ராஜ தோரணையில் ஒரு போர்டு

ஏணியில் நின்றவன் எதிர்க்கடை நெற்றியில் கடைசி எழுத்தை மாட்டி முடிப்பதற்குள் பாதுஷாவின் கையிலிருந்த டீ ஆறிப்போனது. 'ராயல் மென்ஸ் வேர்.' ஒத்தக்கடையில், அதே ரோட்டில், நேர் எதிரே. பாதுஷாவின் தையல்கடைக்கு வருஷக்கணக்காக 'ராயல் டெய்லர்ஸ்' என்று பெயர்.

டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார். கல்லாவில் திவ்யா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஓனரு எங்கம்மா?"

"முகேஷ் சார் டவுன் கடையில இருப்பாருண்ணே. என்ன விஷயம்?"

"அவருக்கு வேற பேரே கெடைக்கலையா? இந்த ரோட்டுல ராயல்னா நான்தான்."

"ராயல்னு எம்புட்டுக் கடை இருக்குண்ணே. பேக்கரி, சலூன், பஞ்சர் கடைகூட இருக்கு."

பஞ்சர் கடையோடு தன்னைச் சேர்த்துப் பேசியதை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவன் எச்சில் பண்ண பேரு இனி எனக்கு வேணாம். அதை விட ஒசத்தியா ஒண்ணு வச்சுக் காட்டுறேன்."

"பேர்ல என்னங்க இருக்கு? கெடக்குற துணியைத் தைங்க" என்றாள் மனைவி சாயிரா பானு.

"மனசு கொதிக்கும்போது கத்தரியைத் தொட முடியுமா?"

கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கும் மகள் சுஃபியா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ரீகல்னு வைங்க அத்தா. ராயல்னா ராஜாவுக்குச் சொந்தமானது. ரீகல்னா ராஜா மாதிரி தோரணை. ராஜாவா இல்லாதவுகளும் ரீகலா இருக்கலாம்."

பாதுஷா கண்ணாடியில் ஒருமுறை தன் தோரணையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மாட்டுத்தாவணியில் போர்டு அடிக்கும் ராம்கிக்குப் போன் போட்டு, எதிர்க்கடையின் அநியாயத்தை முழுக்கச் சொல்லி, நடுவில் பெயரையும் சொன்னார். கறுப்புக் கோட்டு ஒன்றின் படமும் வேண்டும் என்றார்.

போர்டு வந்தது. கறுப்புக் கோட்டு கம்பீரமாக இருந்தது. மறுநாள் கடை திறந்ததும் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், கருத்தக்கண்ணன் என்று பெயர், மஞ்சப்பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வரப்புத் தகராறு. பங்காளி மேல கேஸ் போடணும்."

"இது தையக்கடைங்க."

"சரி, வக்கீலய்யா எப்ப வாராக?"

பாதுஷா வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார். 'லீகல்' என்று பெரிதாக இருந்தது. 'டெய்லர்ஸ்' கோட்டுக்குக் கீழே எறும்பு அளவில் கிடந்தது.

"நீங்க கத்துன கத்துல எனக்கு அப்படித்தாண்ணே கேட்டுச்சு" என்றான் போனில் ராம்கி. "கறுப்புக் கோட்டு வேற கேட்டீகளா, வக்கீல் கோட்டு தைக்கிற கடைன்னு நெனைச்சேன்."

இரண்டு ஜீவனாம்சமும் ஒரு பட்டா மாறுதலும் வந்துபோன பிறகு, "திருத்தமே வேணாம், வேற பேரு சொல்லு" என்று மகளிடம் உறுமினார் பாதுஷா.

"சாவரின் அத்தா. யாருக்கும் அடங்காத ராஜா. அதுக்கு மேல ஆளே கெடையாது."

இந்த முறை அவரே மாட்டுத்தாவணிக்குப் போய், ராம்கியின் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்து வாங்கினார். பிழை ஒன்றும் இல்லை. மாட்டிய அன்றே ரெங்கம்மாள் என்ற அம்மா, மாப்பிள்ளையாகப் போகும் மகன் சுருளியோடு வந்தார். சுருளி படியேறிவிட்டான். ரெங்கம்மாள் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"கல்யாணத் துணியை சாவுன்னு எழுதுன கடையிலயாடா குடுப்ப?"

"சாவு இல்லம்மா, சாவரின்" என்றார் பாதுஷா.

"அதான், சாவு வரும்னு எழுதியிருக்கே."

"அது இங்கிலீஷ்ல பேரரசர்னு அர்த்தம்மா."

"எந்தப் பாஷையில வந்தா என்ன, எங்க வீட்டுக்கு வேணாம்."

தாயும் மகனும் ரோட்டைக் கடந்து 'ராயல்' படியேறுவதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அன்று பூராவும் கடைக்கு வந்த ஆளிடமெல்லாம் அந்த அநியாயத்தையே விளக்கினார். பேன்ட் கேட்டு வந்தவர் பாதி கேட்டுவிட்டு, பேன்ட் இல்லாமலே போனார்.

"இங்கிலீஷே வேணாங்க" என்றாள் சாயிரா பானு. "ஒங்க பேருக்கே ராஜான்னுதானே அர்த்தம். அதைப் போடுங்களேன்."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்னதிலேயே இதுதான் நல்ல யோசனை என்று அவருக்குப் பட்டது. தங்க நிறத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, 'பாதுஷா' ஏறியது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர் நேராக வந்தார். "கால் கிலோ குடுங்க. நெய்யா, டால்டாவா?"

"எது?"

"பாதுஷாதான்."

"நான்தான்யா பாதுஷா."

அவர் பாதுஷாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கடையில சரக்கு இல்லையா?"

அந்த வாரம் ஜிலேபி கேட்டார்கள், மைசூர்பாகு கேட்டார்கள், ஒரு கல்யாண வீட்டுக்காரர் நூறு பேருக்கு லட்டு ஆர்டர் கொடுக்கப் பார்த்தார். ஒருவரும் அளவு கொடுக்கவில்லை. தெரிந்த முகங்கள்கூட இந்தப் பக்கம் திரும்பாமல் எதிர்க்கடைக்கே போயின. தன்னுடைய ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் படியேறுவதை எண்ணி எண்ணிப் பாதுஷாவுக்குக் காது மடல் சிவந்தது. பேரைத் திருடினான், இப்போது ஆளையும் திருடுகிறான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். எதிர்க்கடையில் ஏணி சாத்தியிருந்தது. 'ராயல்' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நியாயம் இன்னும் செத்துப்போகவில்லை. தோளை நிமிர்த்தி, சுஃபியா சொன்ன ரீகல் நடையிலேயே ரோட்டைக் கடந்து, கல்லாவின் முன்னால் போய் நின்றார்.

"என்னம்மா, ஒங்க முகேஷ் சார் எனக்குப் பயந்துட்டாரா?"

திவ்யா சோர்ந்துபோய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்கு இல்லண்ணே, ஒங்க கஸ்டமருகளுக்கு, போன ரம்ஜானுக்கு ராயல்ல தைக்கக் குடுத்த துணி எங்கன்னு தெனம் இங்க வந்து சார் சட்டையைப் பிடிக்கிறாக, கேட்டா அந்த பாய் வாரம் ஒரு பேரை மாத்தித் தலைமறைவாத் திரியிறாருங்குறாக."