நம் தோப்பில் கிடைத்த படைத்தளபதி

மேன்மைமிகு கணேசமூர்த்தி அண்ணாச்சி அவர்களுக்கு,

இலஞ்சியிலிருந்து சித்தப்பா மகன் தில்லைநாயகம் எழுதுவது. குமரன் புண்ணியத்தில் நானும் ஆனந்தவள்ளியும் சுகம். திருநெல்வேலியில் தாங்களும் தங்கள் பரம்பரைச் சங்கமும் மீசை குறையாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தோப்பில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது முதுமக்கள் தாழி ஒன்று வந்ததையும், அதற்குள் எலும்புகளோடு ஒரு வாளும் கிடந்ததையும் தங்களுக்குப் போனில் சொன்னது என் தப்புதான். மறுநாளே "மண்ணைக் காத்த எங்கள் மாவீரப் பாட்டனார்" என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு எதிரே பதினைந்தடி பிளக்ஸ் வைத்தீர்கள். பாட்டனாருக்குப் படம் இல்லையென்று தங்கள் படத்தையே போட்டுக்கொண்ட தியாகத்தை ஊரே மெச்சியது. இதற்கிடையில் தொல்லியல் ஆய்வாளர் மிஸ்ரியா வந்து, மூன்று வாரம் குழிக்குள் உட்கார்ந்து தூரிகையால் தூசி தட்டி, இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டு, "சார், இது பொம்பளை. நாப்பது வயசு இருக்கும்" என்றார். தங்களுக்குப் போன் போட்டேன். "பொம்பளைக்கு எதுக்குலே வாளு? எலும்பை நல்லாப் பாக்கச் சொல்லு" என்றீர்கள்.

நல்லாப் பார்த்தார்கள் அண்ணாச்சி, அதுதான் வினை. வாள் அவள் பிடித்ததா, செத்தபிறகு மற்றவர்கள் மரியாதைக்கு வைத்ததா தெரியாதாம். குத்தவைத்து வேலை செய்தே முட்டு தேய்ந்தது தெரிகிறதாம், மாவோடு அரைகல் பொடியையும் சேர்த்துத் தின்று பல் தேய்ந்தது தெரிகிறதாம். அதோடு விட்டாரா? தொடையெலும்பு ஒடிந்து, கூடி, அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்திருக்கிறாளாம். "மாசக்கணக்குல யாரோ கூடவே இருந்து தூக்கி எடுத்துப் பாத்திருக்காங்க சார்."

காப்பி கொண்டுவந்த ஆனந்தவள்ளி டம்ளரை நங்கென்று வைத்தாள். "அந்தக் காலத்துலயே அம்புட்டுக் கவனிச்சிருக்காவ. நான் ஐந்தருவிப் பாறையில வழுக்கி விழுந்தப்போ நீங்க குளிச்சு முடிச்சுட்டுல்லா வந்திய!" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காப்பி போடுவது நான்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மாலையும் கொட்டுமாக வரவேண்டாம். பிளக்ஸைக் கழற்றித் தேங்காய்க் குவியலை மூடிவிட்டேன். நம் மண்ணிலேயே பிறந்து நமக்காகவே உழைத்த நம் வீட்டுப் பாட்டி அவள். இதில் எள்ளளவும் சந்தேகமில்லை. கல்வெட்டே வைக்கப்போகிறேன்.

மதினிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புத் தம்பி,
தில்லைநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மிஸ்ரியா போன் செய்தார். சோதனைக்குப் போன பல்லில், சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் இருக்கிறதாம். அது நம் பக்கத்துத் தண்ணீரே இல்லையாம். எங்கோ தூரத்தில் பிறந்தவளாம். "ஏட்டி, அப்போ இவ நம்ம பாட்டியே இல்ல" என்றேன். ஆனந்தவள்ளி அச்சன்புதூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள் என்பது தாங்கள் அறிந்ததே. "அசலூர்ல பொறந்து, இங்கன வந்து ஒழைச்சு ஓடாப் போனவதான? ஒங்க வம்சத்துல வேற மாதிரி எந்தப் பாட்டி இருந்தா?" என்கிறாள்.