என் கண் போன கதை

நான் எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. படிக்கட்டைக்கூட எண்ணித்தான் ஏறுவேன். ஆனால் மனிதர்களை எப்படி அழைப்பது என்பது மட்டும் அறுபத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியவில்லை.

கல்முனையில் எங்கள் சங்கம் இலவசக் கண் பரிசோதனை முகாம் வைத்தது. நான்தான் செயலாளர். பன்னிரண்டு மணிக்குள் ஐம்பது பேர் சேராவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கொழும்பு டொக்டர் முன்பே சொல்லிவிட்டார். ஆயிரம் நோட்டீஸ் அடித்தேன். (அதில் என் பெயர் நான்கு இடத்தில்.) பதினொரு வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன்.

அன்று காலை பத்து மணிக்கு நூற்றிருபது கதிரைகளில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். மற்றவர் நான்.

வீடு வீடாக அப்பம் விற்கும் சுபைதா ராத்தா கூடையோடு வந்து நின்றார். (பெண் எடுப்பதென்றாலும் மாடு வாங்குவதென்றாலும் எங்கள் தெரு அவரைத்தான் முதலில் கேட்கும்.)

“என்ன சேர், ஒருத்தரையும் காணல்ல?”

“வீட்டுக்கு வீடு நோட்டீஸ் குடுத்தனே, ராத்தா!”

“கடதாசி கூப்பிட்டா ஆரு வருவா? வாயால செல்லாட்டி நாங்க கலியாணத்துக்கே போறல்ல. கூடையப் பாத்துக்கங்க, வாறன்.”

காவல் இருந்தேன். முப்பத்தாறு அப்பம்.

பதினொன்றேகாலுக்குச் சனம் வரத் தொடங்கியது, கையில் வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக. முதலில் வந்தவர் என் கையைப் பிடித்துக் காதுக்குள் கத்தினார்: “சேர், நான் மீன்கடை ஹனிபா! விளங்குதா?”

பின்னால் ஒரு பெண் விம்மினார். “எப்படி இருந்த மனுசன்! சுபைதா ராத்தா செல்லித்தான் தெரியும், ரெண்டு கண்ணும் போயிட்டாமே! அல்லாஹ் லேசாக்குவான். உங்களப் பாத்துட்டு எங்கட கண்ணையும் காட்டச் செல்லியிருக்கா.”

எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது பேர். உண்மை தெரிந்தால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். கண்ணையும்.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். கடைசியாக டொக்டர் என்னையும் சோதித்தார். இடது கண்ணில் புரை.

“பாத்தீங்களா?” என்றார் ராத்தா, கூடையைத் தூக்கியபடி. “நான் ஒரு கண்தான் கூடச் செல்லியிருக்கன்.”

இன்றும் நான் பிரதான வீதியோரம் நின்றால் யாராவது கையைப் பிடித்து மறுபக்கத்தில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அங்கே வேலையே இல்லாவிட்டாலும். இப்போதெல்லாம் நோட்டீஸ் எழுதப் பேனையை எடுத்தால் போதும், என் மனைவி குசினியில் சமைத்தபடியே கேட்பாள்:

“இந்தமுற உங்களுக்கு என்ன போயிட்டெண்டு ராத்தாட்ட செல்ல?”