நம்ம நேரம் சரியில்ல, சார்!

நேரத்தின் அருமை தெரிந்த இடம் பூமியில் ஒன்றே ஒன்றுதான்: செயற்கைக்கோள்களுக்கே மணி சொல்லும் அந்தத் தரைநிலையம். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கி, அதில் ஒரு துண்டு குறைந்தாலும் தூக்கம் வராத உத்தமர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

நிஜமாகவே தூக்கம் வராதவள் கடிகாரப் பொறியாளர் ஒருத்திதான். அணுக் கடிகாரம் சில நாளாகப் பிசகிக்கொண்டிருந்தது. கைபேசி இடத்தைக் கணிப்பதே செயற்கைக்கோள் சொல்லும் நேரத்தை வைத்துத்தான்; இங்கே அது இம்மி நகர்ந்தால், ஊரார் கைபேசி வரைபடத்தில் வீடு தெருத் தாண்டிப் போய்விடும். அவள் கணவனோ ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், நம்ம நேரம் சரியில்ல."

இயக்குநர் பரிவோடு நாற்காலியைக் காட்டினார். "யாருக்கும்மா சரியா இருக்கு? எனக்கே ப்ரமோஷன் தள்ளித் தள்ளிப் போகுது. பொறுமையா இரு, மாறிடும்."

"ஐயோ, கடிகாரத்தைச் சொல்றேன் சார்! இன்னொரு கடிகாரம் தயாரா இருக்கு. அதுக்கு மாத்திட்டா போதும். ஒரே ஒரு பட்டன்தான்."

"பட்டனா? அதுக்குக் குழு போடணுமே!"

போட்டார்கள். ‘நேரத் துல்லிய மேம்பாட்டு உயர்மட்டக் குழு’ காலையில் கூடுவதாக இருந்து, மதியம் ‘சரியாக’க் கூடியது. முதல் விவாதம்: தீர்மானத்தில் ‘நொடி’ என்று எழுதுவதா, ‘வினாடி’ என்று எழுதுவதா?

"நொடின்னா நொடிச்சுப் போற மாதிரி இருக்கு," என்றார் கணக்கு அதிகாரி.

"வினாடியில வினா இருக்கே! மேலிடத்துல கேள்வி கேப்பாங்க," என்றார் சட்ட ஆலோசகர்.

விவாதம் சூடு பிடித்தபோது அவள் கைபேசி அதிர்ந்தது. கணவன்.

"ஏம்மா, உங்க மேப் என்னைச் சுவத்துக்குள்ள போகச் சொல்லுது! ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டுதாம். வீடு எங்கன்னே தெரியல."

அவள் குழுவின் பக்கம் திரும்பினாள். விஷயத்தைச் சொல்லி, "பட்டனை அமுக்கிடட்டுமா சார்?" என்று கெஞ்சினாள்.

"இன்னும் நொடியே முடியலம்மா," என்றார் இயக்குநர்.

அவள் எழுந்தாள். கடிகார அறைக்குப் போய் அமுக்கியே விட்டாள். கொஞ்ச நேரத்தில் வரைபடம் வழிக்கு வந்தது, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது, பெரியவர் பிழைத்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

மறுநாள் கடிதம் வந்தது. கூட்டத்தின் நடுவே எழுந்து போய்க் குழுவின் பொன்னான நேரத்தை வீணாக்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கருணை மிக்க நிலையம் அல்லவா, அவசரமே இல்லையாம். பதிலுக்கு ஆறு மாதம் அவகாசம் தந்திருந்தார்கள். மூச்சு முட்டிய பெரியவருக்குத்தான் ஆறு நிமிடம் தர அந்தக் குழுவில் ஆள் இல்லை.