அதிர்வு மேடைத் திறப்பு விழா

பூகம்பத்தைப் பெண்களின் நலனுக்குப் பயன்படுத்திய முதல் நிறுவனம் உலகிலேயே வல்லம் வடகாலில்தான் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் பூகம்பத்தைப் பார்த்துப் பயந்ததோடு சரி. நம் கார் சீட் தொழிற்சாலையோ அதை ஒரு மெஷினுக்குள் அடக்கி, விலைக்கு வாங்கி, மகளிர் ஹாஸ்டலில் இறக்கிவிட்டது. ஏறி நின்றால் போதும். மெஷின் ஆடும், எலும்பு உறுதிப்படும்.

இந்தப் புரட்சிக்குக் காரணமானவள் அன்னக்கிளி. ஹாஸ்டலின் இரும்புப் படிக்கட்டில், முதல் திருப்பத்தில், கைப்பிடி வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. போல்ட் கழன்ற இடத்தைப் பார்சல் கட்டும் மஞ்சள் நாடாவால் கட்டியிருந்தார்கள். காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடிய அன்னக்கிளி திருப்பத்தில் அதைப் பிடித்தாள். கைப்பிடியும் அவளும் சேர்ந்தே கீழே வந்தார்கள். கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. துணைத் தலைவர் ரகுபதி தலைமையில் 'உயர்மட்ட விசாரணைக் குழு' கூடியது. முந்திரிப் பருப்பு தீரும்வரை ஆராய்ந்தது. "கைப்பிடி கழன்றதால் யாரும் சாவதில்லை. கீழே விழுந்து எலும்பு உடைவதால்தான் சாகிறார்கள். ஆகவே குறை எலும்பில்" என்று கண்டறிந்தது. இப்படி ஒரு தெளிவு படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். கைப்பிடியைத் தூக்கி வைத்து மறுபடியும் மஞ்சள் நாடாவால் கட்டினார்கள். இந்த முறை இரண்டு சுற்று.

அன்னக்கிளியின் அக்கா தங்கமாரியும் அதே ஹாஸ்டல்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தவர்கள். சீட்டுக்குப் போல்ட் முடுக்குவது தங்கமாரியின் வேலை. நஷ்ட ஈட்டைப் பற்றிக்கூட அவள் வாய் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: அந்தக் கைப்பிடியை முடுக்க வேண்டும். அடுத்தது எந்தப் பிள்ளையோ என்று அவளுக்குப் பயம்.

எச்.ஆர். ஸ்ரீதரிடம் போனாள்.

"அது மெயின்டனன்ஸ்மா. நான் வெல்னஸ்."

"ரெண்டும் ஒரே கம்பெனிதான சார்?"

"கம்பெனி ஒண்ணுதான். பட்ஜெட் வேற. அதை விடுங்க, நல்ல சேதி சொல்றேன். விழாவுல நீங்கதான் ரிப்பன் வெட்டணும். ரெண்டு வார்த்தை பேசணும். 'என் தங்கச்சிக்கு எலும்பு பலவீனம், இந்த மெஷின் அப்பவே இருந்திருந்தா...' அப்படின்னு சொல்லி, லைட்டா அழுதா போதும்."

அண்ணன் தம்பி இல்லாத வீடு. ஊர்ச் சுடுகாட்டில், தங்கச்சியை எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கியது தங்கமாரிதான். "கெட்டியான எலும்பு தாயி, லேசுல வேகலை" என்றார் எரித்தவர். கலயத்தில் போடும்போது ஒவ்வொன்றும் கூழாங்கல் போலச் சத்தம் போட்டது. உயர்மட்டக் குழு அந்தக் கலயத்தைப் பார்க்கவில்லை. அதற்காகக் குழுவைக் குறை சொல்லக் கூடாது. சுடுகாட்டில் முந்திரிப் பருப்பு தருவதில்லை.

மெஷின் வந்தது. படிக்கட்டின் அடியில் ஒரு இரும்பு மேடை போட்டு, அதில் வைத்தார்கள். ஆடுவதற்கென்றே வாங்கிய மெஷின் ஆடிவிடக் கூடாதே என்று மெயின்டனன்ஸ் யாக்கோபு நாலு புத்தம்புது போல்ட் போட்டு முடுக்கினார்.

"கைப்பிடிக்குப் போல்ட் இல்லைன்னியளே, அண்ணே?" என்றாள் தங்கமாரி.

"ஸ்டோர்ல இல்லம்மா. இது மெஷினோட வந்தது."

"அளவு ஒண்ணுதான?"

யாக்கோபு அவளை ஒரு முறை பார்த்தார். படிக்கட்டை ஒரு முறை பார்த்தார். "நான் டீ குடிச்சுட்டு வரேன்" என்று கிளம்பினார். ஸ்பேனரை மெஷின் மேலேயே மறந்துவிட்டுப் போனார். மறதி மனித இயல்பு.

விழா நாள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. வல்லக்கோட்டை முருகன் கோயில் திருநீறு. புது வண்டிக்கு வைப்பதுபோல் அடியில் ஒரு எலுமிச்சம்பழம். பெண்கள் வரிசையாக நின்றார்கள். சேரப்பணஞ்சேரியிலிருந்து சமையலுக்கு வரும் சின்னப்பொண்ணு கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஏறி நின்னா ஆடுமாமே? நம்ம கம்பெனி பஸ்ஸு ஆடாத ஆட்டமா? ஒரகடம் போய் வரதுக்குள்ள குடலு வாய்க்கு வருது. அதுல வராத பலம் இதுல வந்துரப் போவுதாக்கும்!"

"அக்கா, சும்மா இருங்க. பெரியவங்க வந்திருக்காங்க" என்றார் ஸ்ரீதர்.

"பெரியவங்கள மொதல்ல ஏறச் சொல்லு, பாப்போம்."

துணைத் தலைவர் ரகுபதி முன்னுதாரணத்துக்கு அஞ்சாதவர். தங்கமாரி ரிப்பன் வெட்டியதும், அவள் பேசுவதற்கு முன்பே மைக்கைக் கையில் பிடித்தபடி ஏறி நின்றார். "பெண்ணின் எலும்பே தேசத்தின் முதுகெலும்பு!" என்று முழங்கினார். ஸ்ரீதர் சுவிட்சைப் போட்டார்.

முதலில் ரகுபதியின் கன்னங்கள் ஆடின. அடுத்து வயிறு. அதன்பின் மெஷினே புறப்பட்டது. எலுமிச்சம்பழத்தைத் தானே நசுக்கிக்கொண்டு, மேடையை விட்டுத் தொப்பென்று இறங்கி, அதிகாரியைச் சுமந்தபடி பெண்களின் வரிசையை நோக்கி நடந்தது. நிர்வாகம் தொழிலாளர்களைத் தேடித் தானே நடந்து வந்தது அந்தத் தொழிற்சாலை வரலாற்றில் அதுவே முதல் முறை.

"ஐயோ, நிறுத்துய்யா!"

ஸ்ரீதர் சுவிட்சைத் தட்டினார். அது கையோடு வந்துவிட்டது. ரகுபதி குதித்தார். மெஷின் பின்னாலேயே வந்தது. வேறு வழியில்லாமல் படிக்கட்டில் ஏறி ஓடினார். முதல் திருப்பத்தில் கால் வழுக்கியது. உடம்பில் பாதி வெளியே போய்விட்டது. பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.

கைப்பிடி ஆடவில்லை. மஞ்சள் நாடாவைக் காணவில்லை. அந்த இடத்தில் நாலு போல்ட் பளபளவென்று இருந்தன. ரகுபதி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்காத குறையாக நின்றார்.

கீழே யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். மெஷின் அடங்கியது. ஸ்ரீதர் மேடையின் காலி ஓட்டைகளைப் பார்த்தார். மேலே பார்த்தார். கடைசியில் தங்கமாரியைப் பார்த்தார்.

"நீதானா? வெல்னஸ் பட்ஜெட் போல்ட்டை எடுத்து மெயின்டனன்ஸ்ல போட்டிருக்கே! இது திருட்டு, தெரியுமா? யாக்கோபு, உடனே போய்க் கழட்டுய்யா!"

"கழட்டுங்க சார்" என்றாள் தங்கமாரி. "மொதல்ல அந்த ஐயாவைக் கையை எடுக்கச் சொல்லுங்க."

யாக்கோபு ஸ்பேனரோடு ஒரு படி ஏறினார். ரகுபதி கீழே பார்த்தார். நேர் கீழே சிமென்ட் தரை. கையிலிருந்த மைக் இன்னும் அணையவில்லை. தொழிலாளர்கள் கோரிக்கை வைக்கும்போது இரைகிற அந்த ஒலிபெருக்கி, அன்று மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக ஒலித்தது:

"கழட்டாதய்யா! இதைக் கழட்டினா நான் விழுந்து செத்துருவேன்யா!"

அன்னக்கிளியின் மரணம் குறித்த உயர்மட்ட விசாரணை அத்துடன் இனிதே நிறைவுற்றது.