பொதுஜனம் யார் பக்கம்?

"மொத்தமே ரெண்டு ஓட்டா?" என்றார் முதலாளி.

விளம்பரக்காரர் தலையைச் சொறிந்தார். அந்தப் பூட்டுக் கம்பெனியின் விளம்பரப் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். ஒரு மேஜை, ஒரு கணினி, சாவி தொலைந்த சாம்பிள் பூட்டுகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டி. 'பூட்டு வாங்குமுன் பார்க்க வேண்டிய பத்து விஷயங்கள்' என்று மூளையைக் கசக்கி எழுதிய கட்டுரையை ஒரு செய்தித் தளத்தில் போட்டிருந்தார். அங்கே யார் வேண்டுமானாலும் செய்தி போடலாம். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக் குவிந்தால் முதல் பக்கம்.

"ஒண்ணு நீங்க போட்டது. இன்னொண்ணு?"

"வீட்டுக்காரம்மா, சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் பக்கத்துல வரணும். இல்லேன்னா உங்க மேஜையைப் பேக்கிங் பிரிவுக்குக் கொடுத்துடுவேன்."

"மேஜை போனா நான் எங்கே சார் உட்கார்றது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

வழி காட்டியது, அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். "சார், இந்தத் தளத்துல 'இப்போது'ன்னு ஒரு பக்கம் இருக்கு, பாருங்க."

பார்த்தார். வாயைப் பிளந்தார். யார் எதற்கு ஓட்டுப் போட்டார், யார் என்ன கருத்துச் சொன்னார், யார் எதிர் ஓட்டுப் போட்டு எதை மிதித்துக் கீழே தள்ளினார், எல்லாம் நொடிக்கு நொடி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் வம்பு முழுவதும் ஒரே திரையில்!

திங்கட்கிழமை முழுக்க இமைக்காமல் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். காலை பதினொரு மணிக்குத்தான் கூட்டம் அதிகம். மறுநாள் சரியாகப் பதினொன்றுக்குக் கட்டுரையை மறுபடி போட்டார். அதே நிமிடத்தில் இன்னும் எழுபது பேர் தங்கள் கட்டுரைகளைப் போட்டார்கள். இவருடையது சந்தைக்கடையில் தொலைந்த குழந்தை மாதிரி காணாமல் போனது. போன தடவை கிடைத்த இரண்டு ஓட்டில் ஒன்று இந்தத் தடவை இல்லை. மனைவி மறந்துவிட்டாள்.

மறுபடி திரையை உற்றுப் பார்த்தார். கரடி, சுத்தியல் என்ற இரண்டு புனைபெயர்கள்தான் அங்கே பெரிய தலைகள்; ஒருவருக்கொருவர் ஆகாது. அவர்கள் ஓட்டுப் போட்டால் பின்னாலேயே இருபது பேர் போடுகிறார்கள். இவர்களைப் பிடித்தால் போதும். ஆனால் கம்பெனிப் பெயரில் போய்க் குழைந்தால் எவன் மதிப்பான்? ஒன்றுமறியாத ஒரு வாசகனாகப் புதுக்கணக்குத் தொடங்கினார். பெயர், 'பொதுஜனம்'.

கரடி 'ஒழுகும் குழாயும் உடையும் உறவுகளும்' என்று போட்டிருந்தார். பொதுஜனம் ஓட்டுப் போட்டது. சுத்தியல் 'காற்றோட்டமே கல்வி' என்று போட்டிருந்தார். அதற்கும் ஓட்டு. இரண்டையும் கடைசி வரி வரைக்கும் படித்து, "சிந்திக்க வைத்தது" என்று கருத்து வேறு.

அடுத்த நிமிடமே கரடி குழைந்தார். "பொதுஜனம் அண்ணே, உங்களை மாதிரி ரசிகர் கிடைக்க நாங்க கொடுத்து வச்சிருக்கணும்!"

புதன்கிழமை பொதுஜனம் எதையோ படித்துவிட்டு "ம்" என்று போட, அதற்கு நாற்பது பேர் பாராட்டு. விளம்பரக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டிலும் கையில் போனோடு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குதுங்க" என்றாள் மனைவி.

"அருமையான பதிவு" என்றார்.

மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு தானே டாக்டரிடம் போனாள்.

வியாழக்கிழமை பொதுஜனம் மெல்லப் பூட்டுக் கட்டுரைக்கு ஓட்டுப் போட்டது. மடமடவென்று ஐம்பது ஓட்டு! இன்னும் பத்தே ஓட்டு விழுந்தால் முதல் பக்கம். அப்போது கரடி கேட்டார், "அண்ணே, சுத்தியலுக்கும் ஓட்டுப் போட்டிருக்கீங்களே, 'இப்போது' பக்கத்துல பார்த்தேன். நீங்க யார் பக்கம்?"

மூன்று நாளாக அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தவருக்கு, தன் வீட்டுக்கும் ஜன்னல் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

பதறிப்போய்ச் சுத்தியலுக்குப் போட்ட ஓட்டைத் திரும்ப எடுத்தார். அதுவும் திரையில் ஓடியது. "நான் என்ன அண்ணே தப்புப் பண்ணினேன்?" என்று சுத்தியல் அழாத குறை. சரியென்று திரும்பப் போட்டார். கரடி கொதித்தார். பொல்லாப்பே வேண்டாமென்று இரண்டு பேர் கட்டுரையையும் சமமாக மிதித்தார். இத்தனை நாள் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் ஒரே நொடியில் ஒன்றுசேர்ந்தார்கள்.

"நம்ம பொதுஜனம் அண்ணன் தங்கமான மனுஷன். அவர் மனசைக் கெடுத்ததே இந்தப் பூட்டுக்காரன்தான்!"

பூட்டுக் கட்டுரையை நூறு பேர் மிதித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அது தளத்தின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. அதற்கும் அடியில் ஒருவன் எழுதியிருந்தான், "இவனுங்க பூட்டு ஒரே மழையில துருப்பிடிச்சிடும்."

விளம்பரக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. "எங்க கம்பெனிப் பூட்டு அம்பது வருஷமானாலும் துருப்பிடிக்காதுடா!" என்று தட்டி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் பெயரைப் பார்த்தார். பொதுஜனம்.

அவசரமாக அழித்தார். 'பொதுஜனம் தன் கருத்தை அழித்தார்' என்று திரையில் ஓடியது.

அத்தோடு ஓட்டம் நின்றது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி நேரம். ஓட்டு இல்லை, கருத்து இல்லை, திட்டுக்கூட இல்லை.

"நெட் போச்சாம்மா?"

"நெட் நல்லாத்தான் இருக்கு சார். அங்கே யாரும் அசையவே இல்ல" என்றாள் கணினிப் பெண்.

வாசலில் பேக்கிங் பிரிவு ஆட்கள் இருவர் மேஜையை அளக்க டேப்போடு நின்றார்கள். அதை அவர் பார்க்கவில்லை. பாவம் செய்துவிட்டோம் என்று பட்டது. தளத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, நான் பூட்டுக் கம்பெனி விளம்பரக்காரன். பொதுஜனம்கிறது நான்தான்."

"பார்த்தோம் சார்" என்றாள்.

"நாலு நாளா உங்க வாசகர்களை ஏமாத்திட்டேன்மா. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா மன்னிப்புக் கேட்கணும். எத்தனை பேர் இருப்பாங்க?"

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இங்கே இருக்கிற அறுநூறு பேரும் உங்களை மாதிரி விளம்பரக்காரங்கதான் சார், வாசகர்னு இருந்ததே நீங்க ஒருத்தர்தான்!"