யோரிஸின் இடது குதிகால்

இந்த ஜூலையில் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று யோரிஸ் தீர்மானித்துவிட்டார். கடலே கரை உடைத்து வந்தாலும் சரி.

வம்பை விலைக்கு வாங்கியதும் அவரேதான். போன வருஷம் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சொந்தபந்தங்கள் முன்னால், மூன்றாவது பீர் கொடுத்த வீரத்தில், "அடுத்த வருஷம் நாலு நாள் நடையில என் பொண்டாட்டி லிஸ்பெத்தோட நானும் நடக்கறேன்!" என்று முழங்கிவிட்டார். ஜூலைதோறும் நாலு நாள் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு நடக்கிற நைமேகன் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னவர் யாரும் தப்பியதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். அதுவும் தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் மலையேறுகிற அதே நாட்களில். சோபா, சீஸ் தட்டு, குளிர்ந்த பீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனிதன் நடப்பானா?

ஆகவே ஏப்ரலில் ஒருநாள் அவருடைய இடது குதிகால் வலிக்க ஆரம்பித்தது. அதாவது, வலிக்கட்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஒரே ஒரு சிக்கல். அவர் மனைவி லிஸ்பெத்துக்கு ஆஸ்பத்திரியில் வேலையே அதுதான். கால்வலிக்காரர்களை நடக்கவிட்டு, வலி அவர்கள் நடையை எப்படி மாற்றுகிறது என்று அளப்பாள். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். யோரிஸ், அவள் சாப்பாட்டு மேஜையில் விட்டுப்போன தாள்களை ஒன்றுவிடாமல் படித்தார். வலிக்கிற கால் தரையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். குதிகாலில் பாரம் விழாது. எட்டி வைக்கிற அடி சிறுத்துவிடும். மாடியறையில் ஈரத் துணிகளுக்கு நடுவே ஒரு வாரம் ஒத்திகை நடந்தது.

"என்னங்க, ஒரு மாதிரி நடக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல லிஸ்பெத். லேசா உயிர் போகுது, அவ்வளவுதான்."

"எந்தக் கால்?"

"இடது. குதிகால்ல, உள்பக்கம். காலையில முதல் அடி வைக்கறப்ப ஜாஸ்தி."

"அடேயப்பா! புஸ்தகத்துல இருக்கற மாதிரியே சொல்றீங்களே!"

"வலிக்குப் படிக்கவா தெரியும்? வலிக்குது, சொல்றேன்."

"அப்ப நாலு நாள் நடை?"

யோரிஸ் பெருமூச்சு விட்டார். அதையும் ஒத்திகை பார்த்திருந்தார். "நெஞ்சு கிடந்து துடிக்குது. கால் கேக்க மாட்டேங்குதே."

"பாவம். நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. அளந்து பாத்துடலாம்."

மறுநாள் அரைக்கால் சட்டையோடு நிற்க வைத்து, முழங்காலிலும் கணுக்காலிலும் அசைவைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டினாள். தரையில் நீளமாக ஒரு பாய். மிதிக்கிற ஒவ்வொரு அடியின் பாரத்தையும் குறித்துக்கொள்ளும் பாய். "இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு. பத்துத் தடவை" என்றாள்.

யோரிஸ் பிரமாதப்படுத்தினார். விந்தினார், முனகினார், ஆறாவது தடவை சுவரைக்கூடப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அந்த முனையை எட்டியதும், அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டதே என்று விறுவிறுவென்று திரும்பி வந்து நின்றார். லிஸ்பெத் திரையைப் பார்த்தாள்.

"எப்படி?"

"பத்துத் தடவையும் அசல் வலி. சந்தேகமே இல்ல."

முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ள அவர் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"போறப்ப" என்றாள் லிஸ்பெத்.

"போறப்பன்னா?"

"வர்றப்ப பத்துத் தடவையும் பதினெட்டு வயசுப் பிள்ளையாட்டம் வந்திருக்கீங்க. இந்தப் பாய் ரெண்டு பக்கமும் அளக்கும்ங்க."

"வலி... விட்டு விட்டு வருது."

"ஜன்னல் பக்கம் போனா வருது, கதவுப் பக்கம் திரும்பினா ஓடிடுது. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குதிகால நான் பாத்ததே இல்லைங்க!"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்குப் போகிற வழியில் அவருக்கு நடைக்கான ஜோடு வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை வந்தது. முதல் நாளும் இரண்டாம் நாளும் எப்படியோ கழிந்தன. மூன்றாம் நாள், ஏழு குன்றுகள் ஏறி இறங்குகிற சாலை. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் யோரிஸின் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. வலி என்றால் அப்படி ஒரு வலி. கண்ணில் தண்ணீர் முட்டியது. எந்தத் தாளிலும் இல்லாத ஒரு நடை, நண்டு பாதி, தவளை பாதியாக, தானாகவே அவருக்கு வந்துவிட்டது.

"லிஸ்பெத்! சத்தியமா வலிக்குதுடி! வலது கால்! நம்ம கல்யாணத்து மேல ஆணை!"

லிஸ்பெத் நின்றாள். "எங்க, பத்தடி நடங்க பாப்போம்."

நடந்தார். சாலையோரத்தில் வெள்ளரித்துண்டு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட உச்சுக்கொட்டினார்கள். லிஸ்பெத் மட்டும் இருபது வருஷ அனுபவத்தோடு மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சரியா வரலைங்க. நிஜமா வலிக்கறவங்க இப்படி நடக்க மாட்டாங்க."